ஒரு புள்ளிக்கு நாலு புள்ளி

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. வருகிற ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை ஏற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். எதையும் கிட்டப் போய் உற்றுப் பார்க்கிற குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் தம்பி அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பதிலுக்கு அவள் அவனுக்கு வைத்தது சுண்டெலி. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தானாம்.

இப்போது அவளைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட ஆள் இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் நாலு வருஷம் ஆகிறது.

தம்பி இருந்தது விமானத்தில் போகவேண்டிய தூரத்தில். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. விளையாட்டில் வரும் தெருக்களையும் வீடுகளையும் உருவாக்குகிறவர்களில் அவனும் ஒருவன். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவர்கள் ஒரு பெரிய விளையாட்டை முடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். "இந்த வாரம் முடியட்டும், வந்துடறேன்" என்றான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான். அவள் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் சிக்னல் மோசம். அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாளா, வலியில் முகத்தைச் சுளித்தாளா என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவன் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த மூன்றாம் நாள். அவள்தான் கதவைத் திறந்தாள். தோளில் பையோடு நின்றவனைப் பார்த்து, "யாரைப் பாக்க வந்த?" என்றாள்.

அவன் பையை இறக்கிவைத்தான். அன்று சோபாவில் படுத்துக்கொண்டான். காலையில் அவள் எழுந்தபோது மடித்துவைத்த போர்வை மட்டும் இருந்தது. அதன் பிறகு அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. முதல் வருஷம் அது கோபமாக இருந்தது. அப்புறம் யார் முதலில் கூப்பிடுவது என்கிற வீம்பாக மாறியது. அதற்கும் அப்புறம் பழகிப்போய்விட்டது.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, அவள் ஒருத்தி. பத்து மணிக்குள் துணி துவைத்தாகிவிடும், பதினொன்றுக்குள் சமையல் முடிந்துவிடும். பதினொன்றுக்கு மேல் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு முடிவே கிடையாது. கீழ்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் மதிய இடைவேளையில், கடையில் லென்ஸ் வெட்டுகிறவர் பேச ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

"ஒரு ஊரையே கட்டி வச்சிருக்கானுங்க மேடம். மழை பேஞ்சா தேங்குற தண்ணியில கட்டடம் தெரியுது. உள்ள போனா வெளிய வர மனசில்ல."

எந்தக் கம்பெனி என்று கேட்டாள். சொன்னார். அது தம்பியின் கம்பெனி. அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த மாதம் அவர் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினார். பழையதை அவள் கேட்டாள்.

"விளையாடவா? நீங்களா?"

"ஏன், என் கைக்கு என்ன?"

பெட்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்து மாட்டி, விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் அவள் முதலில் திறந்தது, அந்த விளையாட்டைத் தயாரித்தவர்களின் பெயர்ப் பட்டியலை. பெயர்கள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருந்தன. நாலாவது நிமிஷத்தில், 'இடங்களை உருவாக்கியவர்கள்' என்ற தலைப்பின் கீழ், நாற்பது பேருக்கு நடுவில் தம்பியின் பெயர் வந்தது. திரையின் உச்சிக்குப் போய் மறைந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தாள்.

வேலை போன ஒரு போலீஸ்காரன், மழை ஊறிய ஒரு நகரத்தில், காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடுவதுதான் அந்த விளையாட்டு. அவனுடைய பழைய அதிகாரி அடிக்கடி போனில் வந்து, உடனே துறைமுகத்துக்குப் போ, உடனே அங்கே போ என்று விரட்டுவார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போலீஸ்காரனைத் தெருத்தெருவாக நடக்கவிட்டாள். தம்பி கட்டிய தெரு இதுவாக இருக்குமோ, அந்த மூலைக்கடை அவன் செய்ததோ என்று சுவரோரமாகவே நடத்திப்போனாள்.

ஆனால் படம் அவளைப் படுத்தியது. பக்கத்தில் இருப்பவை சரியாகத்தான் இருந்தன. தூரத்துக் கம்பிவேலி கொதிக்கிற மாதிரி நடுங்கியது. சாய்ந்த கூரை விளிம்பெல்லாம் ரம்பப் பல். தெருவுக்கு மேலே போகும் மின்கம்பிகள்தான் எல்லாவற்றையும்விட மோசம். துண்டு துண்டாக அறுந்து தெரிந்தன. ஒரு அடி நகர்ந்தால் அந்தத் துண்டுகள் எறும்பு வரிசை போல ஓடின. மற்றவர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விளையாடுவார்களாக இருக்கும். அவள் பிழைப்பே அதுதான் ஆயிற்றே.

"உங்க மானிட்டர் பழசு மேடம்" என்றார் லென்ஸ் வெட்டுகிறவர். "புள்ளி கம்மி. அந்தக் கம்பி ஒரு புள்ளியைவிட மெலிசு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தடவதான் பாக்குது. கம்பி மேல பட்டா கறுப்பு, படலைன்னா வானம். அதான் விட்டு விட்டுத் தெரியுது."

"அப்போ புது மானிட்டர் வாங்கணுமா?"

"வேணாம். செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க, ரெண்டர் அளவுன்னு ஒண்ணு இருக்கும், நூறுல நிக்கும். அதை இருநூறு ஆக்குங்க. உங்க மானிட்டர் காட்ட முடிஞ்சதைவிடப் பெரிய படமா வரையும். அகலத்துல ரெண்டு மடங்கு, உயரத்துல ரெண்டு மடங்கு. ஒரு புள்ளி இருக்கிற இடத்துக்கு நாலு புள்ளி. அப்புறம் நாலையும் கலந்து ஒண்ணாக்கி உங்களுக்குக் காட்டும்."

"பாக்கறது அதே மானிட்டர்லதானே?"

"அதேதான். ஆனா நாலு தடவ பாத்துட்டுச் சொல்ற பதில் இல்லையா."

இது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவளும் யாருக்கும் ஒரே தடவை கேட்டுவிட்டுக் கண்ணாடி எழுதியதில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் அவர். "என் பழைய பெட்டிக்கு அது தாங்காது. ஆமை வேகத்துல ஓடும். சண்டையெல்லாம் போட முடியாது."

"நான் யாரோட சண்டை போடப் போறேன்" என்றாள்.

அடுத்த செவ்வாய் அதை இருநூறுக்குத் தள்ளினாள். பெட்டிக்குள்ளிருந்த காற்றாடி இரைச்சல் போட்டது. படம் தட்டுத்தடுமாறி நகர்ந்தது. ஆனால் கம்பிகள் முழுசாக இருந்தன. கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, லேசாகத் தொய்ந்து, ஒரு இடத்திலும் அறாமல் போயின. கூரை விளிம்புகள் நேரானது மட்டுமில்லை. தூரத்துக் கடைப் பலகையில் இதுவரை அழுக்காகத் தெரிந்தது எழுத்தாகிவிட்டது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். அது ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் போய் முடிந்தது. இன்னொன்று ஒரு தையல் கடை விளக்குக்குப் போனது. எந்தக் கம்பியும் அந்தரத்தில் விடப்படவில்லை. எந்தப் போலீஸ்காரன் இதை அண்ணாந்து பார்க்கப் போகிறான்? ஆனாலும் யாரோ ஒருவர் ஒவ்வொன்றையும் ஒரு வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். சின்ன வயதில் சுண்டெலி வீடு வரைந்தால் கதவை வரைவதற்கு முன்பே மின்கம்பியைத்தான் வரைவான். அவள் அதை நினைத்துக்கொண்டாள். கம்பி எல்லாம் அவன்தான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது.

மூன்றாவது செவ்வாய், மேட்டுத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு நீலத் துணிக்கிழிசல் கட்டியிருப்பதைக் கண்டாள். முன்பு அதே இடத்தில் ஒரு நீலப் புள்ளி மினுக்கி மினுக்கி மறைந்ததைப் பார்த்திருக்கிறாள். கோளாறு என்று விட்டிருந்தாள். இப்போது துணி, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, காற்றில் படபடக்கும் நுனி. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தாழ்வாகப் போன கம்பியில், துணி காயப்போடும் கொம்பு படக்கூடாது என்று அம்மா இப்படித்தான் ஒரு நீலக் கிழிசலைக் கட்டச் சொல்லி, லைன்மேனிடம் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.

கீபோர்டின் மேல் கையை வைத்தபடியே அழுதாள். நாலு வருஷத்தில் இப்படி அழுததில்லை. பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, போனை எடுத்து எழுதினாள்: 'சுண்டெலி, உன் விளையாட்டைப் பாத்தேன். கம்பி எல்லாம் பாத்தேன். அம்மா கட்டவச்ச துணியையும் பாத்தேன்.'

பதில் வர இரண்டு நாள் ஆனது. கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அவர் போகிறவரை பொறுத்திருந்து எடுத்துப் பார்த்தாள்.

'அக்கா, அது நான் இல்ல. கம்பி வேலை முழுக்க இன்னொரு டீம்ல ஒருத்தங்க பண்ணினது. அந்தத் துணி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ட ப்ரோக்ராம் தானா வைக்கிறது. ஊர் பூரா இருக்கும். நீ நல்லா இருக்கியா?'

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். இருந்தது. அடுத்த தெருவில் பச்சை, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு, மறுபடியும் நீலம். அதே இரண்டு சுற்று, அதே முடிச்சு. இத்தனை நாள் கண்ணில் படாதது எப்படி என்றுதான் தெரியவில்லை. ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடுவதை அவள் நிறுத்தியிருந்தாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வேலையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

'அப்போ நீ பண்ணது எது?' என்று எழுதினாள்.

'சின்னச் சின்னது. குப்பைத்தொட்டி, மாடிப்படி. ஒம்பதாவது பகுதில வர ஆஸ்பத்திரி வார்டு மட்டும் முழுக்க நான்.' கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. 'நீ அங்க போக வேணாம்.'

வேண்டாம் என்று சொன்னால் அவள் விடுகிற ஆளா? ஆனால் ஒன்பதாவது பகுதிக்குப் போகவேண்டும் என்றால் எட்டுப் பகுதிகளை ஜெயித்தாகவேண்டும். இருநூறை மறுபடி நூறாக்கினாள், ஓடுவதற்கு வேகம் வேண்டுமே. அதிகாரியின் போனுக்கு முதல்முறையாக மரியாதை கொடுத்தாள். துறைமுகத்தில் மட்டும் பத்தொன்பது தடவை செத்தாள். "பெட்டிக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டு இருங்க மேடம், அவனுங்களா வருவானுங்க" என்று லென்ஸ் வெட்டுகிறவர் சாப்பாட்டு நேரத்தில் யோசனை சொன்னார். ஐந்து செவ்வாய்க்கிழமைகள் அதிலேயே போயின.

ஆறாவது செவ்வாய், பன்னிரண்டு மணி வாக்கில், போலீஸ்காரன் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். அங்கே யாரும் இல்லை, சண்டையும் இல்லை. அவள் விளையாட்டை நிறுத்தி அளவை இருநூறாக்கிவிட்டு, மெதுவாக நடந்தாள்.

வராந்தாவில் சுவரின் பாதி வரை பச்சை வண்ணம். சக்கரம் ஒன்று கோணலான தள்ளுவண்டி. கடைசி அறைக்குள் போனாள். அம்மா படுத்திருந்த அதே கட்டில்தான். தலைமாட்டில் விரிசல் விட்ட சுவிட்ச் பலகை. மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பத்தில், அவளே பல்லால் கடித்து ஒட்டிய பிளாஸ்திரி. ஆரஞ்சு மூடி போட்ட தண்ணீர்ப் பாட்டில். தலையணையில் ஒரு பள்ளம். படுக்கை காலி.

போலீஸ்காரனை மெல்லத் திருப்பினாள். கட்டிலின் மறுபக்கம் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே மழை, நகரம், விளக்குகள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா இருந்த அறையில் ஜன்னல் கிடையாது.

எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. கூப்பிட்டுவிட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்."

"வேணாம்னு சொன்னேனே" என்றான்.

"சுவிட்ச் பலகை விரிசலக் கூட வச்சிருக்க."

"நீ ஒரு நாள் போனைச் சாய்ச்சு வச்சப்போ தெரிஞ்சுது."

"அங்க படமே தெளிவா வராதேடா."

"வராதுதான். அம்மா மூஞ்சியே கட்டம் கட்டமாத்தான் வரும். எல்லா நாளும் பதிஞ்சு வச்சிருந்தேன். ஒரு நாள் தலகாணி மட்டும் தெளிவா இருக்கும். இன்னொரு நாள் பாட்டில் மூடி. அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம்னு எடுத்து வச்சுத்தான் பண்ணேன். அப்புறம் ஆபீஸ்ல அடுத்த விளையாட்டுக்கு ஒரு வார்டு வேணும்னாங்க, நான் பண்றேன்னு வாங்கிக்கிட்டேன். அம்மாகிட்ட வர முடியல. அதையாவது பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த ஜன்னல்?"

"எந்த ஜன்னல்?"

"கட்டிலுக்கு இந்தப் பக்கம் இருக்கே."

"ஓ. அந்தப் பக்கம் நீ காட்டவே இல்லயே. எதையாவது வைக்கணுமேன்னு வச்சேன். அங்க ஜன்னல் இல்லயா?"

"இல்ல. வெறும் செவுரு. அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் குட்டை."

"ம்."

"அதுலதான் நான் உக்காந்திருந்தேன்."

அவன் போனை மற்ற காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"எத்தன நாள்?" என்றான்.

"நாப்பத்தோரு நாள்."

"ராத்திரியுமா?"

"வேற யாரு இருக்கா."

"எனக்கு அது தோணவே இல்லக்கா" என்றான். "தண்ணி குடுக்கறப்போ உன் கை வரும். அவ்வளவுதான் பாத்தேன். நீ எங்க உக்காந்திருக்க, எங்க படுக்கறன்னு ஒரு தடவகூட கேக்கல."

"நானும் சொல்லல."

"இப்போ மாத்தவும் முடியாது. அது வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அந்தக் கம்பெனியிலயே இல்ல."

அது அவளுக்குத் தெரியாது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருஷம் ஆட்களைக் குறைத்தார்களாம். இப்போது ஒரு அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறானாம். தம்பிக்கு வேலை போன சேதி ஒரு வருஷம் கழித்துத் தனக்கு வருகிறதே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வாசல்ல நான் கேட்டது…"

"நியாயந்தான்க்கா."

"நியாயமான்னு நான் கேக்கல."

வைக்கட்டுமா என்று அவன் கேட்டான். வை என்றாள். வைத்த பிறகு ரொம்ப நேரம் போலீஸ்காரனை அந்தக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், நாற்காலி இருந்திருக்கவேண்டிய இடத்தில், நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருந்ததற்கு அந்த அறையில் ஒரு அடையாளமும் இல்லை, பல்லால் கடித்த பிளாஸ்திரி ஒன்றைத் தவிர. அது யார் கடித்தது என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தன்னையே தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி, இவள் பாவம் என்று மட்டும் தோன்றியது. சாப்பிட மறந்து மணி மூன்றாகியிருந்தது.

அடுத்த செவ்வாய் அவனே கூப்பிட்டான். அதற்கடுத்த செவ்வாயும் கூப்பிட்டான். மூன்றாவது செவ்வாய் கூப்பிடவில்லை. ஒன்றரை வரை பார்த்துவிட்டு அவளே போட்டாள். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தான். அன்றைக்குப் பேசவில்லை. அந்தப் பிற்பகல் எப்போதும் போலவே நீளமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் கூப்பிட்டான். பதினெட்டு நிமிஷம் பேசினார்கள். பாதி நேரம் அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான். உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும் என்று அவள் சொன்னாள். அது எங்கே இருக்கும் என்று கேட்டு, ஸ்பானரைத் தேடி எடுத்துவந்து, போனை ஓரமாக வைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். அவன் கழற்றி முடிக்கும்வரை அவள் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.